ஈரோட்டு வீட்டுக்கு எத்தனை வாசல்?

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்த நாளில், என் மகள் ஜோதி ஈரோட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். அவள் குடியிருக்கிற தெருவுக்கு அடுத்த தெரு. மாடி வீடு. வாடகைக்குக் காலியாகியிருக்கிறது. "இது ஹாலு, இது சமையக்கட்டு, இங்கன பாத்ரூமு" என்று போனைத் தூக்கிக்கொண்டு அவள் நடக்க நடக்க, சுவரெல்லாம் எங்கள் கண் முன்னால் ஆடியது. என் மனைவி மாரீஸ்வரி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காட்டிவிட்டு, "எப்படிப்பா இருக்கு?" என்றாள் ஜோதி.

"வாசல் எத்தன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான். மாடி வீட்டுக்கு எத்தன வாசல் வைப்பாக?"

"பின்னால?"

"பின்னால அடுத்த வீட்டுச் செவரு."

"உள்ள இருக்கும்போது என்னமும் ஆச்சுன்னா?"

"என்னப்பா ஆகும்? குக்கர் விசில் அடிக்கும்."

மாரீஸ்வரி போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "அவரு கெடக்காரு. பெத்த மக கூப்பிட்டா வாசல எண்ணுறாரு. நீ அந்தச் சமையக்கட்ட இன்னொருக்கா காட்டு தாயி."

விஷயம் இதுதான். நாங்கள் இரண்டு பேரும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் ஊர் சாத்தூருக்கு மேற்கே. நான் ஒரு கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறேன்; அவள் வேறொரு கம்பெனியில் சரவெடி பின்னுகிறாள். இதை விட்டுவிட்டு ஈரோட்டுக்கு வந்துவிடுங்கள் என்பது ஜோதியின் கட்சி. இங்கேயே இருந்துகொண்டு வேலைக்குப் போகாமல் இருக்க எங்களுக்கு வகையில்லை. மாரீஸ்வரிக்குப் போக ஆசை. ஆனால் என்னை விட்டுவிட்டுப் போக மாட்டாள். ஆகவே அவள் இன்னும் சரம் பின்னுவதா, வேண்டாமா என்பது என் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு சொல்லில் நின்றது. நானோ வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். அதோடு சந்தேகப் பிராணி.

வீடியோவில் எனக்கு முதல் சந்தேகம், அதில் வாடை தெரியாது. நான் எதையும் மூக்கால் பார்க்கிறவன். இந்தப் பழக்கம் எங்கள் அய்யாவிடமிருந்து வந்தது. அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அவர் கரிசல் காட்டில் அடுத்தவர் நிலத்தை உழுதவர். மழை பொய்த்துப் போன ஒரு வருஷம், ஆள் ஏற்றிப் போக எங்கள் ஊருக்குள் முதன்முதலாக ஒரு கம்பெனி பஸ் வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. அய்யா மட்டும் சொன்னார்:

"வேலயத் தேடி நாம போனா அது வேல. வேல நம்மளத் தேடி வண்டி பிடிச்சு வந்தா, அதுல என்னமோ இருக்குலே."

காலையில் பஸ் போகும்போது ஊர்க்கடைசிப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருப்பார். சாயந்தரம் திரும்பும்போதும் அங்கேதான் இருப்பார். போன தலையெல்லாம் திரும்பி வந்திருக்கிறதா என்று பார்ப்பார். பஸ்ஸில் போகிற பெண்கள் ஜன்னல் வழியாக, "மாமோய், எல்லாரும் வந்துட்டோம், நீங்க வீட்டுக்குப் போங்க!" என்று கத்திவிட்டுச் சிரிப்பார்கள். அவருக்குக் கோபமும் வராது, சிரிப்பும் வராது. ஓட்டுநரைத்தான் முறைத்துப் பார்ப்பார்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆடு மேய்த்தேன், அவரோடு உழவுக்குப் போனேன். மீசை நன்றாக வளர்ந்த பிறகுதான் அந்த பஸ்ஸில் ஏற என்னை விட்டார். முதல் நாள் சாயந்தரம் வீட்டுக்குள் நுழையவிடாமல் நிறுத்தி, சட்டையை முகர்ந்து பார்த்தார். தீக்குச்சியை உரசி அணைத்ததுபோல ஒரு வாடை; கந்தக வாடை. முகத்தைச் சுளித்துக்கொண்டு தள்ளி நின்றார். அன்றையிலிருந்து நான் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அவர் தெருக்கோடிக்குப் போய்த்தான் பீடி குடிப்பார். நான் வெடித்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. "குளிச்சிட்டேன் அய்யா, சும்மா குடிங்க" என்பேன். "நீ குளிச்ச. காதுக்குள்ள ஒட்டியிருக்குறத யாரு கண்டா?" என்பார்.

அப்போது சிரித்தேன். ஆனால் கம்பெனியில் எனக்குக் கற்றுக்கொடுத்ததே சந்தேகப்படத்தான். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். மருந்து கலக்கிற அறை சின்னதாக இருக்கும். ஆனால் பக்கத்துக்கு ஒரு வாசல். கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். தாழ்ப்பாளே கிடையாது. வாசலில் ஒரு வாளியைக்கூட வைக்க விடமாட்டார்கள். போன், வாட்ச், சாவி, அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். நைலான் சட்டை ஆகாது. உள்ளே போகும் முன்னால் வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். நம் உடம்பில் தங்கியிருக்கிற கரண்டு அது வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். பக்கத்தில் வேலை செய்கிறவன் அண்ணன் தம்பியாக இருந்தாலும், தகட்டைத் தொட்டானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வோம். அவனும் என்னைப் பார்ப்பான். மருந்துக்குக் கோபம் வரும் என்று தெரியும். எதனால் வரும் என்று முழுசாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டால் வீட்டிலும் விடாது. எங்கள் வீட்டில் பகலில் தாழ் போடுவதில்லை. குளியலறையைக்கூட நான் தாழிட மாட்டேன். யாரும் வந்துவிடக் கூடாதே என்று இருமிக்கொண்டே குளிப்பேன். நான் குளித்து முடிப்பதற்குள் தெருவுக்கே இருமல் வந்ததுபோல் ஆகிவிடும். பெண் பார்க்கப் போன அன்றைக்கும் இதே கதைதான். கூச்சத்தில் பெண்ணை நிமிர்ந்து பார்க்கவில்லை. திரும்பி வரும்போது, "என்னலே, பிடிச்சிருக்கா?" என்று அய்யா கேட்டார். "முன்னாலயும் பின்னாலயும் வாசல் இருக்கு" என்றேன். அது எப்படியோ மாரீஸ்வரியின் காதுக்குப் போய்விட்டது. இன்றைக்கும் யார் வந்தாலும், "என்னப் பாக்க வந்தவரு எங்க வீட்டு வாசலப் பாத்துப் பிடிச்சுப்போயித்தான் கட்டிக்கிட்டாரு" என்று சொல்லிக் காட்டுவாள்.

அப்படிப்பட்ட ஆளை அவள் எப்படியோ கிளப்பி ஈரோட்டுக்குக் கூட்டிப்போனாள். "பாத்துட்டு வருவோம். பாத்தா பல்லா போயிரும்?"

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மஞ்சள் வாடை அடித்தது. நல்ல வாடைதான். நல்ல வாடையாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று தோன்றியது. கொஞ்ச தூரம் போனதும் சாயப்பட்டறை வாடை வந்தது. மனசு சமாதானமாயிற்று.

மாப்பிள்ளை பஸ் நிலையத்துக்கே வந்திருந்தார். லாரி ஆபீஸில் லோடு புக்கிங் பார்க்கிறவர். அருப்புக்கோட்டைப் பிள்ளைதான். இந்த ஊருக்கு வந்ததில் பேச்சு மாறிவிட்டது. "வாங்க மாமா, சாப்டீங்ளா?" என்றபடி என் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். மாமனார் பையை மாப்பிள்ளை சுமந்தால் அதிலும் என்னமோ இருக்கிறது. இரண்டு தெரு தாண்டும்வரை அது என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன்.

வாடகை வீட்டுக்கு நேராகப் போனோம். ஜோதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே காத்திருந்தாள். படியேறி வாசலுக்கு வந்ததும் என் கை தானாக வேலை செய்தது. செருப்பைக் கழற்றினேன். அதன் பக்கத்தில் போனை வைத்தேன். வாட்ச்சைக் கழற்றி வைத்தேன். சாவியை வைத்தேன். வாசலில் இரும்புக் கதவு ஒன்று இருந்தது. அதில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே போனேன். நான் செய்தது எதுவும் எனக்குத் தெரியாது. வீட்டுக்கார அம்மாதான் மாரீஸ்வரியிடம் மெதுவாகச் சொன்னார்கள்: "உங்க வீட்டுக்காரரு பக்தியான மனுசருங்க. வாசப்படியத் தொட்டுக் கும்பிட்டுட்டு வர்றாரு." மாரீஸ்வரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. வீடு கிடைக்கிற நேரத்தில் பக்தி நல்லதுதானே.

உள்ளே போய் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. "பயமே வேண்டாமுங்கண்ணா, திருடன் பத்து நாளு அறுத்தாலும் உள்ள வர முடியாது" என்றார்கள் அந்த அம்மா. அவர்கள் உள்ளே வருகிறவனைப் பற்றிச் சொன்னார்கள். நான் வெளியே போவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து செருப்பை மாட்டப் போனால் செருப்பு மட்டும் இருந்தது. போன் இல்லை. வாட்ச் இல்லை. சாவி இல்லை.

கூச்சக்காரனுக்குச் சந்தேகம் வந்தால் அதை வெளியே சொல்லத் தெரியாது. வயிற்றுக்குள்ளேயே கிடந்து புளிக்கும். கீழே இஸ்திரி போடுகிறவர்மேல் சந்தேகப்பட்டேன். படியில் எங்களைத் தாண்டிப் போன பால்காரர்மேல் சந்தேகப்பட்டேன். பக்தி என்று சொன்ன வீட்டுக்கார அம்மாமேலும் வந்தது. புகழ்ந்து பேசுகிற நேரத்தில் கீழே ஆள் வைத்து எடுத்திருக்கலாம் இல்லையா? கடைசியில் பை தூக்கிய மாப்பிள்ளையின் சட்டைப்பையைக்கூட ஒருமுறை பார்த்தேன். செருப்பையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னத்தத் தேடுறீக?" என்றாள் மாரீஸ்வரி.

பதில் சொல்வதற்குள் கீழ் வீட்டுப் பெண் ஒரு எவர்சில்வர் சட்டியோடு மேலேயிருந்து படியிறங்கி வந்தாள். சட்டிக்குள் என் போன், வாட்ச், சாவி. "படி கழுவ வந்தேனுங்க. செருப்புக்குப் பக்கத்துல இதெல்லாம் வரிசையா இருந்துச்சு. கெணத்துல குதிக்கப் போறவங்க கழட்டி வெச்ச மாதிரி இருந்துச்சுங்களா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மொட்டை மாடிக்கே போயி எட்டிப் பாத்துட்டு வர்றேன்!"

ஜோதி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் போனைத் திறந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

ஜோதி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாரீஸ்வரி, நான் கேட்கச் சொல்லியிருந்ததைக் கேட்டுவிட்டாள். "ஏன்டி, ஒம் பிள்ளையப் பாக்க ஆளு வேணும்னுதான எங்களக் கூப்பிடுற? ஒங்கப்பாரு கேக்கச் சொன்னாரு." இப்படித்தான், ரகசியம் என்று சொன்னால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள்.

"ஆமா. அதுக்கும்தான்" என்றாள் ஜோதி, சோறு போட்டுக்கொண்டே. "நான் துணிக்கடை வேலைக்குத் திரும்பப் போகணும். அம்மா பிள்ளையப் பாக்கணும். அதுல என்னப்பா ஒளிவுமறைவு? நீங்க அங்கன ரெண்டு பேரும் என்னத்தப் பாக்குறீக? டிவில செவகாசின்னு பேரு வந்துட்டாப் போதும். ஒடனே போனு அடிப்பேன். ஒங்க போனு ரெண்டும் கம்பெனி கேட்டுல கெடக்கும். நீங்க எடுக்குற வரைக்கும் நான் கடையில நின்னு யாருக்குச் சேல எடுத்துப் போட?"

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். ஒளிக்காமல் சொல்கிறவளை என்ன செய்வது? சந்தேகப்படவும் இடம் விடவில்லை. அப்படியும் மனசு ஒரு பக்கம், இவ்வளவு நேராகப் பேசுகிறாளே, இதில் என்னமோ இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பகலில் ஒரு பெரிய சத்தம் கேட்டால், அடுத்த நிமிஷம் தெருவில் எல்லோரும் நிற்பார்கள். அடுப்பில் இருப்பது தீயட்டும். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக் கூரைகளுக்கு மேலே வானத்தைப் பார்ப்பார்கள். கல் உடைக்கிற குவாரி வெடியென்றால் புகை தெரியாது. கம்பெனி என்றால் தெரியும். "மேக்கால" என்று ஒரு குரல் கேட்கும். "மேக்காலன்னா அந்தப் பாலத்துக் கம்பெனி" என்று இன்னொரு குரல். அங்கே யார் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பேர் சொல்லிக்கொண்டே வருவார்கள். தன் வீட்டுப் பேர் அதில் இல்லாதவள் மூச்சு விடுவாள். விட்ட மூச்சுக்கு வெட்கப்பட்டு, பேர் வந்த வீட்டுக்கு முதல் ஆளாக ஓடுவாள்.

ஒருமுறை "கெழக்கால" என்றார்கள். மாரீஸ்வரி போகிற கம்பெனி கிழக்கே இருந்தது. மருந்து கலக்கிறவனுக்கு வெயில் ஏறும் முன்னால் வேலை முடிந்துவிடும். நான் வீட்டில் இருந்தேன். சைக்கிளை எடுக்கத் தோன்றாமல் ஓடினேன். ரோட்டில் யாரையும் உள்ளே விடவில்லை. புகை வந்துகொண்டே இருந்தது. அப்போது வேலிக்கருவைக் காட்டுக்குள்ளிருந்து சில பெண்கள் வெறுங்காலோடு வந்தார்கள். கடைசியாக மாரீஸ்வரி வந்தாள். பாதம் முழுக்க முள். கையில் பாதி பின்னிய சரத்தின் நூல். வெடித்தது அவள் அறைக்குத் தள்ளியிருந்த இன்னொரு அறை. என்னைப் பார்த்ததும் அவள் சொன்னது, "சோத்து வாளிய அங்கன விட்டுட்டு வந்துட்டேன்."

கம்பெனி திரும்பத் திறந்ததும் வேலைக்குப் போனாள். ஆனால் பகல் தூக்கம் அவளுக்கு அன்றோடு போய்விட்டது. லீவு நாளிலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் இருப்பாள். கண் சொருகும். அடுத்த வீட்டில் ஒரு தட்டு விழுந்தால் போதும், கண்ணைத் திறக்கும் முன்னாலேயே தெருவில் நிற்பாள். இத்தனை வருஷமாக இதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. தெருவில் பாதிப் பெண்கள் அப்படித்தான்.

ஈரோட்டில் அன்று சாப்பிட்டு முடித்ததும் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மாரீஸ்வரி தரையில் சாய்ந்தாள். ஜோதி பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசல் பக்கமாக உட்கார்ந்திருந்தேன். திடீரென்று தெருவில் சரவெடி. நீளமான சரம், அணுகுண்டு வைத்துப் பின்னியது. எங்கள் பக்கத்துச் சரக்காகத்தான் இருக்கும். அவள் கையே பின்னியதாகக்கூட இருக்கலாம்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. நடுத்தெருவில் நின்று வீடுகளுக்கு மேலே புகையைத் தேடிக்கொண்டிருந்தேன். என்னைத் தவிர யாரும் மேலே பார்க்கவில்லை. அந்தத் தெருவிலும் ஒரு இஸ்திரிக்காரர் இருந்தார்; அவர்பாட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காய்கறிப் பையோடு வந்த ஒரு அம்மா, "யாரைங்க தேடறீங்க?" என்றார்கள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். "அங்க புது வீட்டுக்குப் பால் காச்சறாங்க" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

திரும்பினேன். வாசலில் மாரீஸ்வரி நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. உள்ளே போனேன். பேரன் விழித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒருக்களித்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சரம் இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம்தான். குனிந்து அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. குறட்டையும் வந்தது.

ஜோதி ஈரக்கையோடு வந்தாள். "என்னப்பா செய்றீக?"

"ஒங்கம்மா தூங்குறா."

"அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. கதவச் சாத்து. சத்தமா இருக்கு."

ஊருக்குத் திரும்பும்போது, மதுரை தாண்டியதும், "தை பொறந்ததும் போயிருவோம்" என்றேன். மாரீஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நெசமாவா? வாசல் ஒண்ணுதான இருக்கு?"

"இருக்கட்டும்."

"என்ன திடீர்னு? எதையோ மறைக்கிறீக."

"ஒண்ணும் மறைக்கல."

"இல்ல, இதுல என்னமோ இருக்கு" என்றாள். சாத்தூர் வரும்வரை என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி தூங்க மாட்டாள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போது மார்கழி. தை வரைக்கும் வேலைக்குப் போகிறேன் என்று அவள் கம்பெனியில் சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று நான் சொன்னேன். "திடீர்னு நின்னா நல்லாவா இருக்கும்" என்று போகிறாள்.

முந்தாநாள் மத்தியானம் நான் வீட்டில் தனியாக இருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. தெருவுக்கு ஓடினேன். மேற்கே லேசாகப் புகை. அவள் போனது கிழக்கே. மூச்சு விட்டேன். அதைச் சொல்லத் திரும்பினால் தெருவில் ஆள் இல்லை. எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது, அவர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அதற்கடுத்த வீடு கோயம்புத்தூர். மூலை வீட்டில் ஆள் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கட்டிலில் உட்கார்ந்து போனுக்குள் குனிந்திருந்தார்கள். படத்தோடு சேதி அதில் வந்துவிடும். தெருவுக்கு எதற்கு வர வேண்டும்? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிற கூட்டம் எப்போது இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கூட்டம் வேண்டும் என்று சொல்கிறவனும் நான் இல்லை. அது கூடி நின்றதெல்லாம் கெட்ட நேரத்தில்தான்.

இருந்தாலும் பழக்கம் விடவில்லை. "மேக்கால" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. கூச்சம் பிடித்த நான் நடுத்தெருவில் நின்று இப்படிக் குரல் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அங்கே யார் யார் போயிருக்கிறார்கள் என்று பேர் சொல்ல ஒருவரும் வரவில்லை.